கோபோ டவுனும் கலிப்சோவும்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுச் சமையலறையில் வார இறுதி என்றால் ஒரு டொரான்டோ இசைக்குழுவின் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். வருகிற விருந்தாளிகள் முதலில் காலால் தாளம் போடுவார்கள், அப்புறம் "இது என்ன பாட்டு?" என்று கேட்பார்கள். அதற்குப் பிறகு கேள்விகள் நிற்பதில்லை. சொன்னதையே சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதி வைத்துவிட்டேன்.

கோபோ டவுன் என்பது ஊரா, ஆளா, குழுவா?

ஊரும்தான், குழுவும்தான். கரீபியத் தீவான டிரினிடாட்டின் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயின். அங்கே கடலோரமாக மீனவர்கள் வாழ்ந்த பழைய பகுதி ஒன்றுக்குக் கோபோ டவுன் என்று பெயர். கோபோ என்றால் அந்த ஊர்ப் பேச்சில் பிணந்தின்னிக் கழுகு. மீன் கழிவைத் தேடி வந்து உட்காரும் கருப்புக் கழுகுகளை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பு விளையாட்டுக்காரர்களும் அவர்களுக்காகப் பாடுகிறவர்களும் மல்லுக்கட்டிய இடம், டிரினிடாட்டின் பாட்டு வகையான கலிப்சோ பிறந்து வளர்ந்த தெருக்களில் ஒன்று என்று சொல்வார்கள்.

அந்தப் பெயரைத் தூக்கிக்கொண்டு 2004இல் டொரான்டோவில் தொடங்கிய குழுதான் இது. பாட்டெழுதுவதும் முன்னால் நின்று பாடுவதும் ட்ரூ கொன்சால்வெஸ்.

அவர் யார்?

டிரினிடாட்டில், தலைநகருக்கு மேற்கே உள்ள டியேகோ மார்ட்டின் பள்ளத்தாக்கில் வளர்ந்தவர். பதின்மூன்று வயதில் கனடாவுக்கு வந்துவிட்டார். பழைய கலிப்சோவை அவர் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தது இங்கே வந்த பிறகுதான். ஊரில் இருந்தவரை அது பெரியவர்கள் பாட்டு. வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கிற நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊரில் நாதஸ்வரம் கேட்டால் காதைப் பொத்தியவன், குளிர்காலத்தில் காரில் அதையே போட்டுக்கொண்டு போவான்.

கலிப்சோ என்றால் 'டே-ஓ' தானே?

இந்தக் கேள்வி வராத நாளே கிடையாது. ஹாரி பெலஃபான்டே பிறந்தது நியூயார்க்கின் ஹார்லமில், பெற்றோர் ஜமைக்கா வழி வந்தவர்கள். 1956இல் அவர் 'கலிப்சோ' என்ற பெயரில் வெளியிட்ட இசைத்தட்டு அமெரிக்காவில் வாரிக்கொண்டு போனது. ஆனால் அதில் உள்ள 'டே-ஓ' ஜமைக்காவின் பாட்டு. இரவெல்லாம் கப்பலில் வாழைத்தார் ஏற்றிய கூலியாட்கள், விடிந்துவிட்டது, கணக்குப் பார்த்துவிடு, வீட்டுக்குப் போகிறோம் என்று பாடியது. நல்ல பாட்டு. பெலஃபான்டேயும் பெரிய மனிதர். ஆனால் அது கலிப்சோ இல்லை. ஒரு தீவின் பெயரை இன்னொரு தீவின் பாட்டுக்கு ஒட்டி விற்றுவிட்டார்கள், ஒட்டிய சீட்டு இன்றுவரை உரியவில்லை.

அப்படியானால் எதுதான் கலிப்சோ?

செய்தித்தாள், நையாண்டி, வம்பு, வழக்கு எல்லாவற்றையும் ஒரே மெட்டில் போட்டுப் பாடினால் அது கலிப்சோ. இது கொஞ்சம் நீளமான கதை.

டிரினிடாட் முதலில் ஸ்பெயின் கையில் இருந்தது. 1783இல் கத்தோலிக்கக் குடியேறிகளுக்கு நிலம் தருவதாக ஸ்பெயின் அறிவிக்க, பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் தங்கள் ஆப்பிரிக்க அடிமைகளோடு வந்து இறங்கினார்கள். 1797இல் பிரிட்டன் பிடித்துக்கொண்டது. ஆக, ஆட்சி பிரிட்டனுடையது, சட்டம் ஸ்பெயினுடையது, தெருவில் பேச்சு பிரெஞ்சுக் கலப்பு மொழி. பாட்டும் அந்த மொழியில்தான் இருந்தது. 1900ஐ ஒட்டித்தான் ஆங்கிலத்துக்கு மாறியது.

அடிமை முறை ஒழிந்ததும் கார்னிவல் தெரு மக்களின் திருவிழாவானது. நம் சிலம்பம் போல அங்கே கம்புச் சண்டை உண்டு, அதற்குக் கலிண்டா என்று பெயர். ஒவ்வொரு கோஷ்டிக்கும் ஒரு பாட்டுக்காரர். தன் ஆளை ஏற்றிவிட்டு எதிராளியை மட்டம் தட்டிப் பாடுவது அவர் வேலை. அந்தப் பாட்டுக்காரரின் வாரிசுதான் கலிப்சோக்காரர். 1881இல் கார்னிவல் தீவட்டி ஊர்வலத்தை அடக்கப் போலீஸ் இறங்கியது, பெரிய கைகலப்பு ஆனது. 1884இல் தெருவில் மேளம் அடிக்கக் கட்டுப்பாடு வந்தது. மேளத்தைப் பிடுங்கினால் என்ன, மூங்கிலை நீளநீளமாக வெட்டித் தரையில் குத்தித் தாளம் போட்டார்கள். பிறகு பிஸ்கட் டின், அப்புறம் எண்ணெய் பீப்பாய். இன்று நாம் ஸ்டீல் பேன் என்று வாய் பிளந்து பார்க்கிற வாத்தியம் அந்த வழியில் வந்தது.

இருபதாம் நூற்றாண்டில் கார்னிவலுக்கு முந்தைய வாரங்களில் பந்தல் போட்டு, காசு வாங்கிக்கொண்டு பாடத் தொடங்கினார்கள். மூங்கில் கால், மேலே ஓலை. இன்றைக்குச் சிமென்ட் மண்டபத்தில் நடந்தாலும் அதற்குப் பெயர் 'டென்ட்' தான். ஆளுநரின் ஊழல், தொழிலாளர் போராட்டம், பக்கத்து வீட்டுப் பெண் யாருடன் போனாள் என்பது வரை எல்லாம் பாட்டில் வரும். 1934இல் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது, பாடுவதற்கு முன் வரிகளைப் போலீசிடம் காட்ட வேண்டும் என்று. போலீசுக்குப் பாட்டெழுதிக் கொடுத்தால் பாட்டு எப்படி இருக்கும்? இரண்டு அர்த்தம் வைத்து எழுதும் கலை இன்னும் கூர்மையானது.

பெயரெல்லாம் ஏன் இப்படி? லார்டு, மைட்டி, அட்டிலா...

கம்புச் சண்டைக்காரனின் வீம்புதான் பெயருக்கு மாறியது. ஊரை ஆள்கிறவனெல்லாம் பிரபு என்றால் நானும் பிரபு. லார்டு கிச்சனர், லார்டு இன்வேடர், மைட்டி ஸ்பாரோ, ரோரிங் லயன், குரோலிங் டைகர். டைகர் நிஜமாகவே குத்துச்சண்டை வீரர். ஹூணர்களின் அட்டிலா என்று பெயர் வைத்துக்கொண்ட ரேமண்ட் கெவேடோ பின்னாளில் போர்ட் ஆஃப் ஸ்பெயின் நகரசபைக்கும், அப்புறம் நாட்டுச் சட்டசபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பாட்டுக்காரர் சட்டசபைக்குப் போவது நமக்குப் புதிதா என்ன.

கனடாவில் உட்கார்ந்துகொண்டு செய்தால் அது அசல் கலிப்சோ ஆகுமா?

இதைக் கேட்கிறவர்கள் பாதிப் பேர் நம்மூர் சங்கீதத்தையும் மனதில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. கலிப்சோ தொடக்கத்திலிருந்தே பாதி வெளியூரில் செய்யப்பட்ட சரக்கு.

டிரினிடாட்டின் லவி தந்தி வாத்தியக் குழு முதன்முதலில் இசைத்தட்டுக்கு வாசித்தது 1912இல், நியூயார்க்கில். 1934இல் அட்டிலாவும் லயனும் கப்பலேறி நியூயார்க் போய் இசைத்தட்டுக்குப் பாடினார்கள். ஏற்பாடு செய்தவர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த சா கோமெஸ். ஊர்ப் பாட்டை வெளியூரில் பதிந்து, கப்பலில் திரும்பக் கொண்டுவந்து ஊராருக்கே விற்றார்கள்.

அப்புறம் லண்டன். 1948 ஜூன் 22 அன்று எம்பயர் விண்ட்ரஷ் கப்பலில் கரீபியர்கள் டில்பரி துறைமுகத்தில் வந்து இறங்குகிறார்கள். செய்திப்படக்காரர் ஒருவர் ஒலிவாங்கியை நீட்ட, கோட்டும் தொப்பியுமாக நின்ற லார்டு கிச்சனர் வாத்தியம் எதுவும் இல்லாமல், லண்டன்தான் எனக்கேற்ற ஊர் என்று பாடுகிறார். அந்தப் படத்துண்டு இன்றும் பார்க்கக் கிடைக்கும். பாருங்கள். விரல்களால் லேசாகத் தாளம் காட்டிக்கொண்டு, வாத்தியம் வர வேண்டிய இடங்களில் வாயாலேயே நிரப்பிக்கொள்வார். லண்டனில் இன்னும் ஒரு நாள்கூடத் தங்கிப் பார்க்காத மனிதர்! பிறகு தங்கிப் பார்த்தார். வீட்டுக்காரம்மாவின் கெடுபிடியும் சுரங்க ரயிலில் வழி தொலைத்ததும் பாட்டாக வந்தன.

ஆகவே கோபோ டவுன் செய்வது கிச்சனர் செய்ததன் தொடர்ச்சிதான். ஒரே வித்தியாசம், கிச்சனர் புது ஊரைப் பார்த்துப் பாடினார், கொன்சால்வெஸ் பெரும்பாலும் விட்டுவந்த ஊரைத் திரும்பிப் பார்த்துப் பாடுகிறார். அதனால் அவர் பாட்டில் கிண்டலுக்கு அடியில் ஓர் ஏக்கம் இருக்கும். சில இடங்களில் அது அளவுக்கு மீறிப்போகிறது என்பதும் என் அபிப்பிராயம். ஊரில் இருக்கிறவனுக்கு அங்கே குப்பை அள்ள ஆள் வரவில்லை என்பதுதான் பாட்டு.

சரி, புதிதாக என்ன செய்தார்கள்?

முதலில் எதை விட்டார்கள் என்று பார்ப்போம். 1970களில் டிரினிடாட்டில் கலிப்சோவின் வேகம் ஏறி, சோகா என்ற ஆட்டப் பாட்டு வந்தது. கோபோ டவுன் அதைத் தாண்டிக் குதித்து, 1930கள், 40களின் கலிப்சோவைப் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் சோகம் தோய்ந்த மெட்டு, கதை சொல்லும் வரிகள், வரிக்கு வரி எதுகை.

அந்தக் காலத்து ஒலியின் முதுகெலும்பு குவாட்ரோ. வெனிசுலாவிலிருந்து வந்த சின்ன கிட்டார், நாலே தந்தி. டிரினிடாட்டுக்கும் வெனிசுலாவுக்கும் நடுவே கடல் மிகக் குறுகிய இடத்தில் பதினோரு கிலோமீட்டர்தான், வாத்தியம் வருவதற்கு என்ன கஷ்டம். கொன்சால்வெஸ் அதை வாசித்துக்கொண்டே பாடுவார். மேசையில் விரலால் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று தட்டிக்கொண்டு கேளுங்கள். பாடகரின் சொல் நீங்கள் தட்டும் இடத்தில் விழாது, ஒரு கணம் முன்னாலேயே விழுந்து நகர்ந்துவிடும். நம் தாள பாஷையில் எடுப்பை, அதாவது பாட்டு தொடங்கும் இடத்தை, கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டது போல. அந்தச் சறுக்கல்தான் உங்கள் காலை ஆட வைப்பது.

இதற்கு அடியில் அவர்கள் போட்டது ஜமைக்கா ரெக்கேயின் கனத்த பேஸ் கிட்டார். மேலே ஊதுகருவிகள். அதனால்தான் முதலில் கேட்கிறவர்கள் "பாப் மார்லி மாதிரி இருக்கே" என்கிறார்கள். 'டே-ஓ' விஷயத்தில் ஜமைக்காவையும் டிரினிடாட்டையும் குழப்பக் கூடாது என்று இவ்வளவு நேரம் சொன்னேன், இங்கே இவர்களே குழப்புகிறார்களே என்றால், ஆமாம், தெரிந்தே செய்கிறார்கள். டொரான்டோவில் எல்லாத் தீவுக்காரர்களும் ஒரே பேருந்தில் போகிறார்கள். ஒரே ரொட்டிக் கடை வரிசையில் நிற்கிறார்கள். பாட்டு மட்டும் தனித்தனியாக இருக்குமா?

இரண்டாவது ஆல்பமான 'ஜம்பி இன் த ஜூக்பாக்ஸ்' 2013இல் வந்தது. தயாரிப்பாளர் பெலீஸ் நாட்டின் ஈவான் துரான். ஜம்பி என்றால் பேய். காசு போட்டால் பாடும் பெட்டிக்குள் பழைய பாட்டுக்காரர்களின் ஆவி என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அடுத்த ஆல்பம் 'வேர் த கேலியன் சாங்க்', 2017. அதற்குத்தான் கனடாவின் ஜூனோ விருது, உலக இசைப் பிரிவில், 2018இல் கிடைத்தது. 2022இல் 'கார்னிவல் ஆஃப் த கோஸ்ட்ஸ்'. இந்தக் குழுவுக்குப் பேய் மேல் ஒரு பிரியம்.

வரிகள் எதைப் பற்றி?

'கைசோ நியூஸ்காஸ்ட்' என்ற பாட்டு, கலிப்சோக்காரர்களே ஊருக்குச் செய்தித்தாளாக இருந்த காலத்தைப் பற்றியது. கைசோ என்பது கலிப்சோவின் பழைய பெயர். பாட்டு நன்றாக இருந்தால் டென்டில் கூட்டம் "கைசோ! கைசோ!" என்று கத்தும், நாம் சபாஷ் சொல்வது போல. 'போஸ்ட்கார்ட் பாவர்ட்டி' சுற்றுலாக்காரர்களுக்கு ஓர் அறை. ஓட்டைக் குடிசையும் வெறுங்கால் பிள்ளையும் புகைப்படத்துக்கு அழகாக இருக்கின்றன என்று பூரிக்கிறவர்களைப் பற்றியது. ஊருக்குப் போய் நாமும் அந்த மாதிரிப் படம் எடுத்திருக்கிறோம். எனக்குச் சுட்டது.

'ரோட் டு ஃபைசாபாத்' என்று ஒன்று உண்டு. பெயரைப் பார்த்து உத்தரப் பிரதேசம் என்று நினைக்காதீர்கள். டிரினிடாட்டின் தெற்கே ஓர் எண்ணெய்க் கிணற்று ஊர், அந்த உத்தரப் பிரதேச ஊரை ஒட்டி வந்த பெயர். 1937 ஜூன் 19 அன்று அங்கே பேசிக்கொண்டிருந்த தொழிற்சங்கத் தலைவர் யூரையா பட்லரைப் பிடிக்கப் போலீஸ் வந்தது. கூட்டம் விடவில்லை. கலவரம் தீவு முழுக்கப் பரவியது. அந்தத் தேதிதான் இன்று அந்நாட்டின் தொழிலாளர் தினம்.

இதில் தமிழர் சம்பந்தம் ஏதாவது?

இருப்பதை மட்டும் சொல்கிறேன், இழுத்துக் கட்ட மாட்டேன். 1845 முதல் 1917 வரை சுமார் 1,43,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக டிரினிடாட் போனார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறிய போஜ்புரி, அவதிப் பேச்சுக்காரர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்கள் சிறு பங்குதான். அவர்களை அங்கே 'மதராசி' என்றார்கள்.

இந்திய இசைக்குக் கலிப்சோவில் உள்ள பங்கு வடக்கத்தி டோலக்கின் பங்கு. 1970களின் தொடக்கத்தில் லார்டு ஷார்ட்டி என்ற கலிப்சோக்காரர், இந்தியர் நிறைந்த கரும்புப் பகுதியில் வளர்ந்தவர், டோலக், இரும்புக் கம்பியால் ஆன தந்தால் போன்ற வாத்தியங்களின் தாளத்தைக் கலிப்சோவில் கலந்தார். அதிலிருந்துதான் சோகா. ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் நடுவே அரசியல் சுவர் இருந்த நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை, அவரைத் திட்டியவர்களும் உண்டு.

கிரிக்கெட் வழியாக ஒரு சொந்தமும் உண்டு. 1971இல் இந்தியா வெஸ்ட் இண்டீஸ் போய்த் தொடரை வென்றபோது 774 ரன் அடித்த கவாஸ்கரை மதில் என்று புகழ்ந்து லார்டு ரிலேட்டர் பாடியது இன்றும் பிரபலம். அந்தத் தொடரில் 22 விக்கெட் எடுத்த நம் சென்னை வெங்கட்ராகவனுக்கும் தனியாக ஒரு பாட்டு போட்டிருக்கலாம்.

அண்ணை, எங்கட கலியாண வீட்டுக் கலிப்சோவும் இதுவும் ஒண்டோ?

தம்பி, நல்ல கேள்வி. இலங்கையில் நாலு பேர் பூச்சட்டை போட்டு, கிட்டாரும் கொங்கா மேளமுமாக மேசை மேசையாக வந்து பாடுவார்களே, அதற்கும் கலிப்சோ பேண்ட் என்றுதான் பெயர். அது பெலஃபான்டே அலை 1950களின் கடைசியிலும் 60களிலும் கொழும்புக்கு வந்து, இலங்கையின் ஆட்டப் பாட்டான பைலாவோடு கலந்து பிறந்த குழந்தை. நோயெல் ரணசிங்கவின் லா சிலோனியன்ஸ் அந்த வரிசையில் பெரிய பெயர். பெயரும் கிட்டாரும் கரீபியம், உள்ளம் பைலா. டிரினிடாட் கலிப்சோவின் வம்பும் அரசியலும் அதில் வராது. மாப்பிள்ளை வீட்டார் காசு கொடுக்கும் இடத்தில் வரவும் கூடாது!

இவர்களை டிரினிடாட்டில் யாராவது கேட்கிறார்களா?

உள்ளதைச் சொன்னால், கார்னிவல் நேரத்தில் அங்கே வானொலியில் முழங்குவது சோகாதான். கோபோ டவுன் கனடா, ஐரோப்பா இசை விழாக்களின் செல்லப்பிள்ளை. "வெள்ளைக்காரர் கைதட்டுவதற்கான கலிப்சோ" என்று யாராவது சொன்னால் என்னால் முழுதாக மறுக்க முடியாது.

ஆனால் ஒரு கதை. டிரினிடாட்டோடு ஒரே நாடாக உள்ள டொபேகோ தீவில் 1940இல் பிறந்தவர் கலிப்சோ ரோஸ். ஆண்கள் ராஜ்ஜியத்தில் தனியாக நின்றவர். 1978இல் அவர் போட்டியில் வென்றபோது 'கலிப்சோ ராஜா' என்ற பட்டத்தின் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று. 2016இல், எழுபத்தாறு வயதில், 'ஃபார் ஃப்ரம் ஹோம்' என்ற ஆல்பத்தை வெளியிட்டார். பாடல்களை உருவாக்குவதிலும் தயாரிப்பிலும் கொன்சால்வெஸ் கூட இருந்தார், ஈவான் துரானும் பிரெஞ்சுப் பாடகர் மனு சாவோவும் கைகொடுத்தார்கள். பிரான்சில் அது சக்கைப்போடு போட்டு, 2017இல் அந்நாட்டின் விக்டுவார் இசை விருதை வாங்கியது.

அதில் 'லீவ் மீ அலோன்' என்று ஒரு பாட்டு. நான் ஆட வந்திருக்கிறேன், என் மேல் கை வைக்காதே என்பது சாரம். 2017 கார்னிவலில் டிரினிடாட் பெண்கள் அதைத் தங்கள் கொடியாகத் தூக்கிப் பிடித்தார்கள், அந்த வார்த்தைகள் சட்டையில் அச்சாகித் தெருவில் போயின. கப்பலில் திரும்பிவந்த இசைத்தட்டு மாதிரிதான் இதுவும்.

ஆங்கிலம் பாதி புரியவில்லையே?

எனக்கும் முதலில் புரியவில்லை. டிரினிடாட் பேச்சு வேகமாகவும் வளைந்தும் போகும். வரிகளை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு முறை கேளுங்கள், மூன்றாம் முறை தானாகச் சிரிப்பு வரும். ஒரே ஒரு சொல்லைத் தெரிந்துகொண்டால் பழைய பாட்டுகளும் திறக்கும்: 'சான்டிமானிட்டே'. பிரெஞ்சில் இரக்கமில்லாமல் என்று பொருள். மேடையில் இரண்டு பேர் நிற்பார்கள், தலைப்பு அந்த நிமிடம்தான் தெரியும். ஒருவர் நாலு வரி கட்டி எதிராளியின் மூக்கையோ மனைவியையோ இழுப்பார், கடைசியில் சான்டிமானிட்டே என்று முடிப்பார். அது முடிவதற்குள் மற்றவர் பதில் எதுகையைத் தயார் பண்ணியிருக்க வேண்டும். லாவணிக் கச்சேரி பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

பிள்ளைகளோடு கேட்கலாமா?

கோபோ டவுன் கேட்கலாம். 1950களின் மைட்டி ஸ்பாரோவைப் போட்டால், பத்து வயதுப் பிள்ளை "அம்மா, இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்கும்போது நீங்கள் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று ஓட வேண்டியிருக்கும்.

எதிலிருந்து தொடங்குவது?

முதலில் 'கைசோ நியூஸ்காஸ்ட்'. அதே நாளில் குரோலிங் டைகரின் 1935ஆம் ஆண்டு 'மனி இஸ் கிங்' கேளுங்கள்: காசிருக்கிறவன் என்ன செய்தாலும் மரியாதை, இல்லாதவனை நாயும் மதிக்காது என்கிற பாட்டு. கரகரவென்று இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கேட்டபின் கோபோ டவுனின் 'டியேகோ மார்ட்டின்', கொன்சால்வெஸ் வளர்ந்த பள்ளத்தாக்கின் பெயரிலேயே உள்ள பாட்டு. அதை மட்டும் வேலை செய்துகொண்டே கேட்காதீர்கள். நான் அப்படிக் கேட்டுத்தான் ஒருநாள் பருப்பு அடிப்பிடித்தது.